பன்றிக்கு ஓடிய ரயில்

ஸ்ரீபெரும்புதூரில் லாட்ஜ் சுப்பராயன் சம்சாரம் காந்திமதியைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்தவர்களில் அவள் வாயால் ஒரு வார்த்தையாவது வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்களும் கிடையாது. ஊரையே எச்சில் இலையைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறவள் என்று பேர். அந்தப் பேரை அவள் மறுத்ததில்லை. "எச்சில் இலைல கூட கொஞ்சம் சோறு ஒட்டிகினு இருக்கும்" என்பாள்.

அவள் அரக்கோணத்துக்காரி. ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா இராமச்சந்திரன் லோகோ ஷெட்டில் ஃபிட்டர். அங்கே பால் கறப்பது, பள்ளிக்கூடம் விடுவது, பிள்ளைக்குப் பெயர் வைப்பது எல்லாம் ஷெட் சங்கின் கணக்கில்தான். முதல் தேதி சம்பளம் போட்டால் மளிகைக் கடைக்காரன் முகம் மலரும். ஸ்ட்ரைக் என்றால் ஈச்சங்கள்ளு விற்கிறவன்கூட வாய் பொத்தி உட்கார்ந்திருப்பான். "எங்க ஊர்ல இஞ்சின் மூச்சு வுட்டாத்தான் அடுப்பு எரியும்" என்று அவள் சொல்லும்போது, அந்த இஞ்சினைத் தானே பெற்று வளர்த்த மாதிரி இருக்கும்.

அப்பேர்ப்பட்டவளை ரயில் இல்லாத ஊரில் கொண்டுவந்து தள்ளியதே ஒரு பொய்தான். அறுபத்திரண்டில் பெண் பார்க்க வந்தபோது இராமச்சந்திரன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஊர்ல ஸ்டேஷன் கீதா?"

மாப்பிள்ளையின் சித்தப்பா வாயில் இருந்த வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "வருது சம்மந்தி! சர்வே எடுத்துகினு போயிட்டான். ரெண்டே வருசம், உங்க பொண்ணு வூட்டு வாசல்ல வண்டி ஏறும்."

காந்திமதி வந்தது தகரப் பெட்டி மாதிரி ஒரு பஸ்ஸில், புடவைத் தலைப்பில் வாந்தி எடுத்துக்கொண்டு. அன்றிலிருந்து இருபத்தொன்பது வருஷம் அந்த ஊர் ரயிலுக்குக் காத்திருந்தது. காத்திருந்தது என்பதுகூட அதிகம். ரயில் வரும் என்று பேசிக்கொண்டிருந்தது.

பேசுவதற்கென்றே ஒரு குழு இருந்தது. 'இருப்புப்பாதைக் கோரிக்கைப் போராட்டக் குழு' என்று பேர். அதன் தலைவர் ரைஸ்மில் தணிகாசலம். தன் மில்லுக்கு நெல் மூட்டை வருகிற பாதையில் முழங்கால் ஆழப் பள்ளம். அதில் நாலு கூடை செம்மண் கொட்ட வக்கில்லாதவர், மெட்ராஸுக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவே தண்டவாளம் போடக் கிளம்பியிருந்தார். பெங்களூர் ரோட்டில் எந்தக் கட்சி எம்.பி. கார் போனாலும் மறித்து மாலை போடுவார். மாலையும் சோடாவும் வாங்கிவருவது துணைச் செயலாளர் சுப்பராயன் வேலை. இந்த மகத்தான பதவிக்காகத்தான் அந்த மனுஷன் கதர்ச் சட்டை தைத்து வைத்திருந்தார்.

"இன்னாங்க, உங்க ரயிலு எங்க வந்துகினு கீது?" என்று காந்திமதி தினமும் கேட்பாள். "அவுட்டர்ல நிக்குதா?"

சுப்பராயன் பதில் சொல்லமாட்டார். பதில் சொல்லாமல் இருப்பதையே ஒரு பொறுமை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவள் அதைத் துப்பில்லாத்தனம் என்று நினைத்தாள்.

தொண்ணூற்றொன்று மே மாதம் அந்த ஊரில் நடந்ததை உலகமே அறியும். துக்கத்துக்கு வந்த கார்கள் ரோட்டை அடைத்து நின்றன. ஜனங்கள் உண்மையிலேயே உடைந்துபோயிருந்தார்கள். எத்தனையோ வீடுகளில் மறுநாள் உலை வைக்கவில்லை. ஆனால் எந்தச் சாவு வீட்டிலும் பந்திக்கு இலை எண்ணுகிற ஆள் ஒருவன் இருப்பான் அல்லவா? பதினாறாம் நாள்கூட ஆகவில்லை, தணிகாசலம் லாட்ஜ் வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"சுப்பராயா, இனிமே டெல்லிக்காரன் நம்ம ஊர்ப் பேர மறந்துட முடியுமா? இதான்யா சமயம். இப்பக் கேட்டா இல்லேன்னு சொல்ல வாய் வராது."

காந்திமதி கையில் இருந்த சாவிக்கொத்தை மேஜைமேல் போட்டாள். "அண்ணே, ஊரு இன்னும் அழுது முடிக்கல. அதுக்குள்ள அந்தக் கண்ணீர்ல ரயிலு வுடப் பாக்கறீங்களே, நல்லா இருப்பீங்களா?"

"உனக்கு அரசியல் புரியாது தங்கச்சி."

அவருக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்பது ஊரில் கொஞ்சம் பேருக்குத் தெரியும். ஒரகடம் போகும் வழியில், கல்லும் கருவேலமும் மண்டிய மேட்டுப் பூமியை அடிமாட்டு விலைக்கு வளைத்துப்போட்டு, 'ரயில் நகர்' என்று பலகை நட்டு மனை பிரித்து வைத்திருந்தார். மனையைப் பார்க்க வருகிறவர்களிடம் ஒரு கருவேல மரத்தைக் காட்டி, "இங்கதான் டிக்கெட் கொடுக்கற எடம்" என்பார். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதற்கு முன்னாலேயே பேரனுக்குக் காது குத்துகிறவர்.

இந்த நிலைமையில்தான் டென்மார்க்காரன் வந்து சேர்ந்தான்.

சுங்குவார்சத்திரம் பக்கம் புதிதாக எழும்பிய ஒரு பால் கம்பெனிக்கு, வெண்ணெய் கடைகிற மெஷினை மாட்டிக் கொடுக்க வந்த மெக்கானிக். அறுபதை எட்டும் வயசு, சிவந்த முகம், நெடுநெடு உயரம். கம்பெனிக்காரர்கள் முதலில் அவனை மெட்ராஸில் ஏ.சி. ஓட்டலில் வைத்து, தினமும் காரில் அழைத்து வந்தார்கள். போகவர ரோட்டின் குலுக்கலில் வயிறு புரட்டி, ஆள் பாதியாகிவிட்டான். அதனால் சுப்பராயன் லாட்ஜின் மாடியறையில் கொண்டுவந்து வைத்தார்கள். பேர் ஆக்ஸல். லாரி அச்சுக்கும் அதே பேர்தானே, அதைக் கேட்டதும் பஸ் ஸ்டாண்டு லாரி மெக்கானிக்குகளுக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. "இன்னா ஆக்சில் துரை, பட்டை ஒடையலையே?" என்று தினமும் விசாரிப்பார்கள். அவனும் கை ஆட்டிவிட்டுப் போவான்.

அவனுக்கு மொழிபெயர்க்கக் கம்பெனி அனுப்பியவள் ஷெர்லின். பக்கத்துக் கிராமத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், கம்பெனியில் டைப்பிஸ்ட். காந்திமதியிடம் ஏச்சு வாங்காமல் பேசத் தெரிந்த வெகுசிலரில் ஒருத்தி. ஒருநாள் அவள்தான் சொன்னாள்.

"ஆன்ட்டி, இவரோட அப்பா ஸ்டேஷன் மாஸ்டராம். இவரே சின்ன வயசுல ரயில்வேல வேலை பார்த்தவராம். ஸ்டேஷனால உண்டான ஊராம் அவங்க ஊரு."

காந்திமதி அன்று முதல்முறையாக அந்த வெள்ளைக்காரனை நிமிர்ந்து பார்த்தாள். அன்று இரவு அவனுக்கு மட்டும் சப்பாத்திக்கு நெய் தடவப்பட்டது. இந்தப் பட்டிக்காட்டில் தன் ஜாதிக்காரன் ஒருத்தன் வந்து சேர்ந்தானே என்ற ஆறுதல். ரயில்வே ஜாதி.

அவன் ஊர்ப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. கடைசியில் 'ட்ரூப்' என்று முடிந்தது. ஊர்க்காரர்கள் யோசித்துப் பார்த்து அதை 'டென்மார்க் திருப்பூர்' ஆக்கிவிட்டார்கள்.

அவன் பெட்டியில் அந்த ஊரின் படங்கள், சுவரில் பெரிதாக விழுகிற மாதிரிச் சின்னச் சின்ன ஸ்லைடுகளாக இருந்தன. கம்பெனிக்காரர்களுக்குக் காட்டக் கொண்டுவந்தானாம், ஒருவரும் பார்க்கவில்லை. இது சுப்பராயன் வாய்வழியாகத் தணிகாசலத்தின் காதுக்குப் போயிற்று. மறுநாளே அவர் ஓடிவந்தார். வெளிநாட்டுக்காரனே வந்து ரயிலால் ஊர் பிழைத்த கதையைச் சொன்னால் ரயில் நகரில் ஒரு முள் மரம் மிஞ்சுமா? ஞாயிற்றுக்கிழமை காலையில், மேட்னிக்கு முன்னால், சினிமா கொட்டகையைப் பேசி முடித்தார். இலவசம் என்று ரிக்‌ஷாவில் மைக் கட்டிச் சொன்னார்கள். இலவசம் என்றால் இந்த ஊர் ஜனங்கள் எதைத்தான் பார்க்கமாட்டார்கள்? பெஞ்சு, தரை எல்லாம் நிரம்பிவிட்டது. முன்வரிசை நாற்காலிகளில் கடைத்தெரு வியாபாரிகள். நடுநாயகமாகப் பாத்திரக் கடை பரசுராமன். பெண்கள் பக்கத்தில், முதல் ஆளாகக் காந்திமதி.

ஆக்ஸல் படத்தைப் போட்டான். ஷெர்லின் மைக்கில் சொன்னாள்.

"இவரோட தாத்தா பிறந்தப்போ அந்த இடத்துல எதுவுமே இல்லை. புதர், முயல், ஒரு மண் ரோடு. ரயில்வேக்காரங்க மேப்புல ஸ்கேல் வெச்சு ஒரு கோடு போட்டாங்க. கோடு ரோட்டைத் தாண்டுற இடத்துல ஸ்டேஷன் கட்டினாங்க."

தணிகாசலம் எழுந்து கூட்டத்தைப் பார்த்துத் தலையாட்டினார். புதர், முயல், மண் ரோடு. ரயில் நகரை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

"முதல்ல ஸ்டேஷனுக்கு எதிர்ல ஒரு ஓட்டல் வந்தது. அப்புறம் தானிய மண்டி. அப்புறம் விவசாயிங்க எல்லாரும் சேர்ந்து பால் பண்ணை வெச்சாங்க. செங்கல் சூளை, மருந்துக் கடை, தையல்காரர், வாட்ச் ரிப்பேர். வெண்ணெய் பீப்பாயில அடைச்சு ரயில்ல துறைமுகத்துக்குப் போகும், அங்கேருந்து இங்கிலாந்துக்கு."

அடுத்த படத்தில் கொழுத்த பன்றிகள் வரிசையாக ரயில் பெட்டியில் ஏறிக்கொண்டிருந்தன. கொட்டகை அதிர்ந்தது.

"டேய், பன்னிக்கு ரயிலு வுட்டு கீறான்டா!"

"டிக்கெட் எடுத்துச்சா பாரு!"

சிரிப்பு அடங்கத் தணிகாசலம் விடவில்லை. பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார். "பெரியோர்களே! பன்றிக்குக்கூட ரயில் விட்ட நாடு அது! உடையவர் அவதாரம் செய்த இந்தப் புண்ணிய பூமிக்கு ஒரு ரயில் இல்லை! பன்றியைவிடக் கேவலமாகப் போய்விட்டோமா நாம்?"

கைதட்டல் தகரக் கூரையைப் பிய்த்தது. பன்றியோடு ஒப்பிட்டதற்குக் கைதட்டிய கூட்டம் வேறெங்கும் உண்டா என்று தெரியவில்லை. பரசுராமன் எழுந்து நின்றே தட்டினார்.

காந்திமதி தட்டவில்லை. அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டல், மண்டி, மருந்துக் கடை. எல்லாம் அவளுக்குத் தெரிந்த ஊர்தான்; நிறம்தான் வேறு. ஆனால் ஒன்று இடித்தது. அந்தப் பன்றியை வளர்த்தவன், பால் கறந்தவன் எங்கே இருந்தான்? ரயில் வருவதற்கு முன்னால் அவன் எங்கே உப்பு, புளி வாங்கினான்? அவள் எழுந்தாள்.

"ஷெர்லினு, நான் ஒண்ணு கேக்கறேன், அவருகிட்ட சொல்லு. ஸ்டேசன் வர்றதுக்கு முன்ன அங்க பழைய ஊருன்னு ஒண்ணு இருந்திருக்கும் இல்ல? சர்ச்சு, கடைத்தெரு? அது இன்னா ஆச்சி?"

"தங்கச்சி, கேள்வியெல்லாம் கடேசில" என்றார் தணிகாசலம்.

அதற்குள் ஷெர்லின் கேட்டுவிட்டாள். ஆக்ஸலுக்கு ஒரே குஷி. ஸ்லைடு தட்டில் தேடி ஒரு படத்தை எடுத்துப் போட்டான். வெள்ளையடித்த ஒரு சர்ச்சு. சுற்றிலும் கல்லறைகள். நாலைந்து வீடுகள். வேலியோரம் ஒரு கிழவரும் நாயும்.

"இது அவங்க அம்மாவோட ஊராம். ஸ்டேஷன்லேருந்து நடந்து போற தூரம்தான். அந்தக் காலத்துல இதுதான் பெரிய ஊராம். ஸ்டேஷன் வந்ததும் முதல்ல மளிகைக் கடைக்காரர் அங்கே போயிட்டார். அப்புறம் செருப்பு தைக்கிறவர். அப்புறம் வாத்தியார். பாதிரியார் மட்டும்தான் பாக்கி..." ஷெர்லின் ஆக்ஸலிடம் மறுபடி கேட்டுக்கொண்டாள். "சர்ச்சைத் தூக்கிட்டுப் போக முடியாதில்லையா, அதனாலதான்னு சொல்றார்."

முன்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பரசுராமன் மெல்லத் திரும்பினார். அவர் கடை கோயில் தெருவில், தேருக்கு எதிரே, மூன்று தலைமுறையாக இருக்கிறது.

"தணிகாசலம், நம்ம ஸ்டேசன் எங்க வருதுன்ன?"

"அதெல்லாம் ஆபீசருங்க முடிவு பண்றது..."

"இன்னாய்யா ஆபீசரு? நீ ரயில் நகருன்னு போர்டு நட்டு கீறியே! அது இங்கேருந்து எம்மாந்தூரம்? அப்ப கடைத்தெரு அங்க போவும், நாங்க இங்க தேர் வடத்தைப் பார்த்துகினு குந்தியிருக்கணுமா?"

இத்தனை வருஷம் சந்தா கொடுத்து, மாலை போட்டு, கோஷம் போட்டவர். தன் கடைக்கே குழி தோண்டிக்கொண்டிருந்தோம் என்று தெரிந்துகொள்ள, கடல் தாண்டி ஒருத்தன் நாயையும் கிழவரையும் படம் பிடித்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. முன்வரிசை முழுக்க எழுந்துவிட்டது. தணிகாசலம் ஆபரேட்டரைப் பார்த்துக் கையைக் காட்டினார். விளக்குகள் எரிந்தன. "டீ இருக்கு, எல்லாரும் டீ சாப்பிடுங்க!" என்று மைக்கில் கத்தினார்.

என்ன நடக்கிறது என்று ஆக்ஸலுக்குப் புரியவில்லை. கடைசிப் படத்தை வெளிச்சத்திலேயே போட்டுவிட்டான். திரையில் வெளுத்துப்போய் ஏதோ தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தவள் காந்திமதி மட்டும்தான். ஸ்டேஷன் கட்டடம். ஜன்னலில் பூப்போட்ட திரைச்சீலை. பிளாட்பாரம் இருந்த இடத்தில் புல். துணி காயப்போட்டிருந்தது.

"இன்னாது இது? ஸ்டேசன்ல துணி காயுது?"

ஷெர்லின் கேட்டுச் சொன்னாள். "ரயில் நின்னு இருபது வருஷம் ஆச்சாம் ஆன்ட்டி. எல்லாரும் கார் வாங்கிட்டாங்க, சாமானெல்லாம் லாரில போக ஆரம்பிச்சிடுச்சாம். கடைசி வண்டிக்கு இவரோட அப்பாதான் கொடி காட்டினாராம். இப்ப அதுல ஒரு பல் டாக்டர் குடியிருக்காராம்."

"பொய்யி" என்றாள் காந்திமதி.

புருஷன் பொய் சொல்வான், அவன் சித்தப்பா பொய் சொல்வான், தணிகாசலம் மூச்சு விடுவதே பொய். ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற ரயிலை நிறுத்திவிட்டுத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போவார்கள் என்பதை அவள் ஆயுளில் கேட்டதில்லை. அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும். வெள்ளைக்காரனுக்கு நெய் தடவியது வீண்.

அடுத்த ஒரு மாசம் ஊரில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. பரசுராமன் தனிக் குழு ஆரம்பித்தார். 'ஸ்டேஷன் வேண்டும், கோயிலுக்குப் பக்கத்திலேயே வேண்டும்' என்பது அவர்கள் கோரிக்கை. பழைய குழு, 'ரயில் நகரில்தான்' என்றது. எங்கோ ஒரு ஆபீசர் கனவில்கூட நினைக்காத ரயிலுக்கு எங்கே ஸ்டேஷன் கட்டுவது என்று அண்ணன் தம்பிகள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்டில் எதிரெதிரே பந்தல் போட்டு, ஒரே நாளில் உண்ணாவிரதம் இருந்தார்கள். இந்தப் பந்தலில் பக்திப் பாட்டு, அந்தப் பந்தலில் சினிமாப் பாட்டு. இரண்டு பந்தலுக்கும் பின்பக்கமாக ஒரே கடையிலிருந்து மசால் வடை போயிற்று.

சுப்பராயன் இரண்டு குழுவிலும் இருந்தார். காலையில் இங்கே படுத்தார், மத்தியானத்துக்கு மேல் அங்கே போய்ப் படுத்தார். சாயங்காலம் லாட்ஜுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது காந்திமதி கேட்டாள்:

"இன்னாங்க, இல்லாத ரயிலுக்கு ரெண்டு ஸ்டேசனா? ஒண்ணுல ஏறி ஒண்ணுல எறங்குவீங்களா?"

"ரெண்டு பேரும் வேண்டப்பட்டவங்க. யாரப் பகைச்சிக்கறது?" என்றார் அந்த மனுஷன், தண்ணீர் சொட்டச் சொட்ட.

அவரை ஏசிப் பிரயோஜனமில்லை என்று விட்டுவிட்டாள். அவள் மனசு வேறிடத்தில் இருந்தது. அந்தத் துணி காய்கிற ஸ்டேஷன் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆக்ஸல் ஊருக்குத் திரும்ப நாள் நெருங்கியதும் ஷெர்லினைக் கூப்பிட்டாள்.

"அவரு ஊரு புல்லு மொளைச்ச ஊரு. எங்க ஊரக் காட்டறேன், கூட்டிகினு வா. நிக்காம ரயிலு ஓடற ஊரு."

கம்பெனிக் காரில் மூன்று பேரும் கிளம்பினார்கள். பேரம்பாக்கம் தாண்டியதும் காந்திமதி முன்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டாள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு, பத்துப் பன்னிரண்டு வருஷமாக அவள் அந்தப் பக்கம் போகவில்லை. அண்ணன் தம்பி யாரும் இல்லை. போக ஒரு வீடும் இல்லை.

பிளாட்பாரத்தில் போய் நின்றார்கள். சொன்ன மாதிரியே ரயில் வந்தது. கரன்ட் வண்டி. ஊரை ஒரு பொருட்டாகவே மதிக்காமல், தூசியை வாரி மூன்று பேர் முகத்திலும் அடித்துவிட்டு, நிற்காமல் போயிற்று. ஆக்ஸல் குழந்தை மாதிரிக் கை தட்டினான். காந்திமதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசிதான்.

"இது கெடக்குது. எங்கப்பா வேலை செஞ்ச ஷெட்டு வந்து பாரு. சங்கு ஊதுனா திருத்தணி வரைக்கும் கேக்கும்."

ஷெட்டுக்குப் போகிற வழியை அவள்தான் காட்டினாள். கால் தானாகப் போயிற்று. போய் நின்ற இடத்தில் கூரை இல்லை. நாலு தூண், கரி பிடித்த சுவர், தண்டவாளம் பெயர்த்த குழியில் மழைத்தண்ணீர். நீராவி இஞ்சின் போனதோடு ஷெட்டும் போய்விட்டிருந்தது. காவலுக்கு இருந்தவன் பீடியை மறைத்துக்கொண்டு வந்தான்.

"என்னம்மா, யாரப் பாக்கணும்? இங்க ஒண்ணும் இல்லியே."

"ஃபிட்டர் இராமச்சந்திரன்னு... இங்கதான் முப்பது வருசம்..."

"அது யாரு? நான் தெற்கேருந்து மாத்தலாகி வந்தவம்மா, எனக்குத் தெரியாது."

குவார்ட்டர்ஸில் அவள் பிறந்த வீட்டு வாசலில் யாரோ ஒரு பெண் நெல்லிக்காய் காயவைத்துக்கொண்டிருந்தாள். ரயில்வேக் குடும்பம்தான். ஆனால் அந்தத் தெருவில் அரைவாசிப் பேர் விடிகாலையில் மெட்ராஸ் வண்டி ஏறி இருட்டிய பிறகு திரும்புகிறவர்களாம். "தூங்கறதுக்குத்தான் ஊரு" என்றாள் அந்தப் பெண், சாதாரணமாக.

ஆக்ஸல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து நின்றான். காந்திமதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"ஷெர்லினு, தொப்பிய மாட்டிக்கச் சொல்லு அந்தாள! எழவு வூட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்கறான். இங்க யாரும் சாவல. ரயிலு ஓடுது இல்ல? கண்ணால பார்த்தான் இல்ல?"

ஷெர்லின் அதை எப்படி மொழிபெயர்த்தாளோ, அவன் தொப்பியை மாட்டிக்கொண்டான்.

திரும்பும் வழியில், தக்கோலம் பக்கம் காந்திமதி ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள். ரோட்டில் பின்னாலேயே செங்கல் லாரி, மணல் லாரி, இரும்புத் தூண் ஏற்றிய லாரி என்று வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கார் ஒதுங்கி நின்றது. புதுக் கம்பெனி கட்டடத்துக்குப் போகிறவை. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஊரில் இரண்டு குழு இருக்கிறது, இத்தனை லாரி போவதை ஒருத்தனாவது திரும்பிப் பார்த்தானா என்று நினைத்துக்கொண்டாள். பார்த்திருக்கமாட்டான்கள். பந்தலுக்குக் குறுக்கே நிற்கிறான் என்று லாரிக்காரனைத்தான் திட்டியிருப்பான்கள்.

பிறகு திடீரென்று கேட்டாள். "ஷெர்லினு, இவரை மாதிரி மெசின் மாட்டற ஆளுங்க இன்னும் வருவாங்களா?"

"வருவாங்க ஆன்ட்டி. கோயம்புத்தூர்லேருந்து, பூனாலேருந்து, வெளிநாட்டுலேருந்தும். கம்பெனி இன்னும் ரெண்டு கட்டடம் போடுது."

"அவங்களுக்கு நம்ம லாட்ஜுல இன்னா கொறச்சலுன்னு கேளு. மூஞ்சிய பார்த்துச் சொல்லாம உண்மையச் சொல்லச் சொல்லு."

எல்லாம் நன்றாக இருக்கிறது என்றான் ஆக்ஸல் முதலில். அவன் மரியாதைக்காரன். அப்புறம் சொன்னான். சுடுதண்ணீர் வேண்டும். ஜன்னலுக்கு வலை வேண்டும். பஸ் ஸ்டாண்டு லவுட் ஸ்பீக்கரை நிறுத்த முடியுமானால் நல்லது. இதையெல்லாம் ஷெர்லின் சொன்னாள். கடைசி ஒன்றைச் சொல்ல வெட்கப்பட்டாள். காந்திமதி அதட்டியதும் காதோடு சொன்னாள். உட்கார்ந்து போகிற கக்கூஸ் வேண்டும்.

"இத்தினி நாளா முட்டி மடங்காமயா கஷ்டப்பட்டான் பாவம்!" என்றாள் காந்திமதி. அவனிடம் அவள் இரக்கம் காட்டியது அது ஒன்றுதான்.

அவன் கிளம்பிப் போன மறுவாரம் தணிகாசலம் வந்தார். முகத்தில் அசட்டுச் சிரிப்பு.

"தங்கச்சி, மெட்ராஸ்ல ரயில்வே ஆபீசரப் பாக்கப் போறோம். நீ ரயில்வேக் குடும்பம். நீ வந்து ரெண்டு வார்த்தை சொன்னா எடுபடும்."

"இன்னா சொல்லணும்?"

"ரயிலு வந்தா ஊரு எப்படி வாழும்னு."

"வாழும் அண்ணே. ரயிலு வந்தா வாழும். அப்புறம் அது பாட்டுக்குப் போயிடும். போறதப் பார்த்துகினு நிக்கறதுக்கு எனக்கு நேரம் கெடையாது. கொத்தனாரு காத்துகினு கீறாரு."

பரசுராமனும் அதே விஷயமாக ஆள் அனுப்பினார். அவருக்கும் அதே பதில்தான்; வாசல் வரைக்கும்கூட விடவில்லை. சுப்பராயனை இரண்டு குழுவிலிருந்தும் அவளே விலக்கினாள். எப்படி என்றால், அவர் கதர்ச் சட்டையைச் சுண்ணாம்பு வாளிக்குப் பக்கத்தில் மாட்டி வைத்து, வெள்ளையடிக்கிற மட்டையை அவர் கையில் கொடுத்தாள். துணைச் செயலாளர் வரவில்லை என்பதை இரண்டு குழுவிலும் ஒருத்தரும் கவனிக்கவில்லை. மாலை வாங்க ஆள் தேடியபோதுதான் தெரிந்தது.

மாடியில் நாலு புது அறை. வலை, சுடுதண்ணீர் பாய்லர். வெள்ளைப் பீங்கானில் சிம்மாசனம் மாதிரி அந்தக் கக்கூஸ் மெட்ராஸிலிருந்து வைக்கோல் சுற்றி லாரியில் வந்து இறங்கியபோது, ரோட்டில் போனவர்கள் சாமி சிலை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தை மாசம் பூனாக்காரர்கள் எட்டுப் பேர் வந்து தங்கினார்கள். அவர்கள் போவதற்குள் கோயம்புத்தூர்க்காரர்கள் வந்து நின்றார்கள். லாட்ஜ் அதற்குப் பிறகு காலியாக இருந்ததில்லை.

ரயில் வரவில்லை. குழுக்கள் இரண்டும் இருந்தன. வருஷா வருஷம் ஆண்டு விழா நடத்தின. ரயில் நகரில் மனை வாங்கினவர்கள், கருவேல மரத்தை வெட்டி விறகுக்கு விற்றதில் பத்து ரூபாயாவது திரும்பியது என்று தேற்றிக்கொண்டார்கள்.

அந்தத் தை மாசத்துக்குள்ளேயே புதுக் கக்கூஸின் புகழ் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பூனாக்காரர்கள் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அதைத் தரிசிக்கத் தணிகாசலம் பின்பக்கப் படியேறி வந்தார். முன்பக்கப் படியேறி, அதே காரியமாகப் பரசுராமன் வந்தார். ஆறு மாசமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள், கக்கூஸ் கதவுக்கு முன்னால் மூக்கும் மூக்கும் இடிக்க நின்றார்கள். யாரும் விட்டுக்கொடுக்கிற மாதிரி இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் கைப்பிடியைப் பிடித்தார்கள்.

காந்திமதி துவைத்த போர்வைகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள்.

"ஒருத்தர் பின்னால ஒருத்தரா போங்க" என்றாள். "போயிட்டு வந்து தண்ணி ஊத்துங்க. அதையாவது கூட்டம் போடாம செய்ங்க."

சொல்லிவிட்டுப் போர்வை காயப்போட மொட்டைமாடிக்கு ஏறிப்போனாள்.